இழுத்தால் அவிழும்

ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள்.
தாழ்வாரத்தின் இரு முனையிலும் ஆரஞ்சுக் கூம்புகள்,
ஃபெரியில் கார்களை வரிசைப்படுத்த
நான் வைப்பேனே, அதே கூம்பு.
முந்நூற்றுப் பத்து மீட்டர்
என்று எழுதிக்கொண்டாள் ஒரு பெண்.
கப்பலின் இரும்புப் படிகள் பதினேழு.
அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

பிறகு படிவம்.
தூக்கம்? வருகிறது, விட்டுவிட்டு.
காபியில் இன்னும் ஆணி ருசி.
முடி கொட்டுகிறது; சீப்பை ஸ்டைனார் ஒளித்துவைக்கிறார்,
எனக்குத் தெரியாதென்று.
இதயம் நலம்.
காறையெலும்பின் கீழே
தீப்பெட்டி அளவில் காவல்காரன் ஒருவன் குடியிருக்கிறான்.

கேள்வி இருபத்திரண்டு:
நடக்காத ஏதாவது நினைவிருக்கிறதா?

ஐவிண்ட் பேனாவை மூடிவைத்தார்.
செவிலியர். செம்பட்டைத் தாடி, பச்சைச் செருப்பு.
மூன்று மணிக்கே இருட்டிவிட்ட ஜன்னல்.

சொன்னேன்.
கட்டில் ஒரு ஃபெரி. பூடோவில் கிளம்பி
லோஃபோடன் வரவே இல்லை.
கூரையிலிருந்து ஹெர்ரிங் சொட்டியது.
யாரோ டிக்கெட் டிக்கெட் என்றார்கள்,
முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவளிடம்.
நீல உடுப்பில் ஒருவன் என் கைகளைக் கட்டி
கடலை வாய்க்குள் ஊற்றினான்.
வீட்டில் சொல்லவில்லை.
ஸ்டைனார் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுவார்.

ஐவிண்ட் சிரிக்கவில்லை.
மருந்து மயக்கம் என்று தட்டிவிடவும் இல்லை.
ஒரு நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.
நான் இல்லாத பதினொரு நாட்களை
இரவுப் பணியில் யார் யாரோ எழுதியிருந்தார்கள்.

'நான்காம் நாள். வெளியே ஆலங்கட்டி.
கணவர் ரேடியோ கொண்டுவந்தார்.
கடல் வானிலை வாசித்தபோது
உங்கள் புருவம் உயர்ந்தது.'

'ஆறாம் நாள். மூச்சுக்குழாயை இருமுறை
பிடுங்கப் பார்த்தீர்கள். கைகளைக் கட்டினேன்.
மன்னியுங்கள். வாயைத் துடைத்துவிட்டேன்,
முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். ஐவிண்ட்.'

நீங்களா?
நான்தான்.
கடல்?
பஞ்சு. கொஞ்சம் தண்ணீர்.

கோபம்தான் வந்தது முதலில்.
மூன்று மாதம் என்னைத் தூங்கவிடாதவனுக்கு
இவ்வளவு சாதுவான கையா?

என்ன முடிச்சு போட்டீர்கள், என்று கேட்டேன்.
கழுத்து அட்டையின் நாடாவைக் கழற்றி
நாற்காலிக் கையில் போட்டுக் காட்டினார்.
நுனியை இழுத்தேன், அவிழ்ந்தது.
எங்கள் கயிற்றிலும் இதே முடிச்சுதான்,
அவசரத்தில் கப்பலை விடுவிக்க.
உங்களுடையது கொஞ்சம் தொளதொள, என்றேன்.

மூன்றாம் எண் கட்டிலை வாசலிலிருந்து பார்த்தேன்.
வேறு யாரோ. கால்விரல்கள் மட்டும் தெரிந்தன.
ஏதோ ஒரு கருவி மணியடித்தது,
என் உள்ளங்கை வேர்த்தது.
சலைன் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான், என்றார்.
உப்புத் தண்ணீரா?
ஆமாம், என்றவர்
அப்போதுதான் யோசித்தார்.

கீழே எஞ்சினை அணைக்காமல் ஸ்டைனார்.
என்ன சொன்னார்கள்?
முந்நூற்றுப் பத்து மீட்டர்.
சிக்னல் வரை பேசவில்லை.
பிறகு ரேடியோவின் திருகைத் தொட்டுச் சொன்னேன்:
நீ கொண்டுவந்தது
எனக்குக் கேட்டிருக்கிறது.