தொடுவாய்க்கு வந்தவருக்கு

பஸ் இதோட சரி. அது திரும்புற இடம்தான் ஊர்.
பையை இஞ்ச தாங்கோ, செருப்பைக் கையில எடுங்கோ.
உங்கட போன் காட்டுற பாதை
புரட்டாதி மட்டும்தான் பாதை.

நான் பெனடிற்றா. அறை என்ர,
கட்டில் சங்கக்கடை மனேச்சரிட்ட இரவல்.
கிணறு சவர். குளிக்கலாம், தேத்தண்ணிக்கு ஆகாது.
பவுசர் செவ்வாயில வரும்.
இண்டைக்கு வியாழன், பார்த்துக் குடியுங்கோ.

சிக்னல் வேணுமெண்டால் மதகில ஏறி
வடக்கே பார்த்து நில்லுங்கோ.
கொக்கும் அங்கதான் நிற்கும்,
உங்களுக்காக நகராது.
அந்தப் பளபளத்த இலை தில்லை. ஒடிக்காதேங்கோ,
பால் கண்ணில பட்டால் லீவு முழுக்க இருட்டு.
கம்பிக்கு அங்கால போகவேண்டாம்,
ஏனெண்டு பலகையில மூண்டு பாஷையில இருக்கு.

என்ன பார்க்க இருக்கெண்டு கேட்டியள்.
இரவில இறால் விளக்குகள்.
பிறகு...
யோசிச்சுச் சொல்லுறன்.

தண்ணி எந்தப் பக்கம் ஓடும் எண்டும் கேட்டியள்.
இப்ப ஒரு பக்கமும் ஓடாது.
கடல் மண்ணைத் தள்ளி வாயை அடைச்சுப்போட்டுது.
வெள்ளம் வரம்பில ஏறீட்டுதெண்டு
வயல்காரர் ரெண்டு தரம் வந்து கத்தீட்டுப் போட்டினம்.
விடிய நாலு மணிக்கு வெட்டுறம்.

நீங்கள் நித்திரை கொள்ளலாம், விருந்தாளி.
ஆனால் மண்வெட்டி பதினொண்டு, ஆள் பத்து,
சில்வெஸ்டருக்கு முதுகுப் பிடிப்பு.

வாய் திறக்கேக்க ஒரு சத்தம் வருமாம்.
எனக்கு ஒவ்வொரு வருஷமும் அந்த நேரம்
அடுப்படியில கேத்தில்தான் சத்தம் போடும்.
போய்க் கேட்டு வந்து சொல்லுங்கோ.

அறைக் காசு வேற.
அதில ஒண்டும் கழிக்க மாட்டன்.