மூடிக்கு எது முகம்

ஜிஞ்சர் பியர் மூடிக்கு முகம் கிடையாது.
ஆகவே விளிம்பில் ஒரு பொட்டு,
ரிஸ்மியாவின் நகப்பூச்சு, கருஞ்சிவப்பு.
பொட்டு எங்கே பார்க்கிறதோ
அங்கேதான் அந்த ஆள் பார்க்கிறான்.

வெள்ளவத்தை. கடலுக்கு இறங்கும் ஒழுங்கை.
மூன்றாம் மாடி, சனிக்கிழமை இரவு.
மேசை நிறைய அறுகோணம் கீறிய கடதாசி.
நீ நிற்கும் கட்டத்தைச் சுற்றி ஆறு கட்டம்:
முன்னால் மூன்று, அவை உன் கண்ணுக்குச் சொந்தம்.
இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று.
மிச்சம் ஒன்று முதுகு.
கேடயம் இடக்கையில் என்றால்
வலப்பக்கம் வருகிறவனுக்கு நீ பாதி திறந்த கதவு.
முதுகால் வருகிறவனுக்குக் கதவே இல்லை.

"திரும்பிறதுக்கும் செலவிருக்கு,
ஒரு சுற்றுக்கு ஒரு பக்கம்தான்"
என்பாள் ரிஸ்மியா.
பகலில் வங்கியில் இருந்து
கடன் மனுக்களைத் திருப்பி அனுப்புகிறவள்.

டெரில் தன் வில்லாளியைச் சுவரோடு ஒட்டிவைப்பான்,
சுவர் கைவிடாது என்று.
லக்சிறி நடுவில் போய் நின்று
ஆறு பக்கமும் எதிரி என்று சிரிப்பான்.
மூன்றாம் சுற்றில் சாவான், அப்போதும் சிரிப்பு.
மிதுனன் எதுவும் சொல்வதில்லை.
காஸ் அடுப்பைக் குறைப்பது போல
ஒரு விரலால் மூடியைத் திருப்பி வைப்பான்.
நான் கேடயக்காரி.

புறமுதுகு காட்டுவது வெட்கம் என்று
பள்ளிக்கூடத்தில் எழுதிப் புள்ளி வாங்கினேன்.
மார்பில் புண் என்றால் பெருமை, முதுகில் என்றால் பழி.
சரி.
இரண்டு பக்கமும் ஆள் நிற்கும்போது
எந்தப் பக்கத்துக்கு முதுகைக் கொடுப்பது என்று
அந்தக் கேள்வித்தாளில் கேட்கவில்லை.

அன்றைக்கு வெள்ளம் ஏறிய சுரங்கம்,
ஏழு உப்புப்பேய்கள், தகர ஆணிகள்.
நான் வாசலைப் பார்த்து நின்றேன்.
எல்லாம் கணக்காகத்தான் இருந்தது,
எட்டு நாற்பது ரயில் வரும்வரை.

தண்டவாளம் எங்கள் ஒழுங்கையின் அடியில்தான்.
முதலில் யன்னல் கண்ணாடி,
பிறகு பிளேன்டீக் கோப்பை,
பிறகு மேசை.
மூடிகள் மெல்ல மெல்ல,
கூப்பிடுகிற குரலுக்குத் திரும்புகிறவர்கள் போல
அவரவர் பாட்டில் திரும்பின.

ரயில் போனதும் பார்த்தால்
என் பொட்டு சுவரைப் பார்த்தபடி.
வாசல் முழுக்க முதுகில்.

"இது சரியில்லை!"
"நீ முந்தியே அப்பிடித்தான் வைச்சிருந்தாய்."
"மல்லி, நீ பொய் சொல்லாதே."
டெரில் சட்டப்புத்தகம் தேடினான்.
அதில் மழைக்கு விதி இருந்தது, இருட்டுக்கு இருந்தது,
கரையோரப் பாதைக்கு இல்லை.
ரிஸ்மியா யோசித்தாள்.
"ரயில் திருப்பினா, திரும்பினதுதான்."

இரண்டு பேய்கள் வாசலால் வந்தன.
நான் ஒரு பக்கம் திரும்பினேன். போதாது.
அடுத்தது மிதுனனின் முறை.
அவனுக்கு முன்னால் காயம்பட்ட பேய் ஒன்று,
ஒரே வெட்டு, கதை முடிந்திருக்கும்.
அவன் வெட்டவில்லை.
தன் மூடியை நகர்த்தி நகர்த்தி
என் முதுகுக் கட்டத்தில் வைத்தான்.
பொட்டு வாசலைப் பார்த்தது.
என் முதுகு இருந்த இடத்தில் இப்போது
இன்னொரு முதுகு.

பகடை உருண்டது. ஆறு. மறுபடி ஆறு.
அவன் மூடியைக் கவிழ்த்தோம்,
உள்ளே வெள்ளை பிளாஸ்டிக், கொஞ்சம் ஒட்டும் இனிப்பு.
"எடுக்காதே, பிணமும் இடம் பிடிக்கும்" என்றாள் ரிஸ்மியா.
அது புத்தகத்தில் இருந்தது.
பேய்கள் சுற்றிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.
எனக்கு ஒரு சுற்று கிடைத்தது.
திரும்பினேன்.

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.
பெற்றிஸ் ஆறிப்போயிருந்தது, அதை அவன்தான் சாப்பிட்டான்.

அடுத்த ரயில் தூரத்தில் கேட்டபோது
யாரும் சொல்லாமலே
ஆளுக்கொரு விரலால் மூடியை அழுத்திக்கொண்டோம்.
கவிழ்ந்த மூடிக்குப் பொட்டுத் தெரியாது,
அது எங்கே திரும்பினாலும் ஒன்றுதான்.
மிதுனனும் அழுத்திக்கொண்டிருந்தான்.