இருபத்திரண்டு பேருக்கான ரொட்டி

கப்பலின் பேரை மூன்று தடவை வாசித்தேன்.
புது வெள்ளைப் பூச்சின் மேல் ஒரு பேர்.
அலையில் சாயும்போது வெயில் பக்கவாட்டில் விழ,
அடியில் இன்னொரு பேரின் மேடு.
அதற்கும் அடியில்
ஒரு எழுத்தின் வால் மட்டும்.

மானிஃபெஸ்டில் மரச்சட்டம், காலிச் சாக்கு.
மாலுமிகள் இருபத்திரண்டு.
கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில்
பதினாறு வருஷம் கணக்கு எழுதியவனுக்கு
வயிற்றை எண்ணத் தெரியும்.
அவர்கள் கேட்டது அறுநூறு ரொட்டி.
பால் பவுடர் எட்டுப் பெட்டி.
காலிச் சாக்கு பால் குடிக்காது.

நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.
ராத்திரி டெலிவரி என்றால்
ரொட்டிக்கு மூன்று தம்படி கூட, என்றேன்.
கேப்டன் கிரேக்கன், பல்லில் தங்கம். தலையாட்டினான்.

முப்பத்தொன்பது ஆகஸ்ட், கடைசி வாரம்.
மண்ணடி முழுக்க ஒரே பேச்சு:
ராயபுரத்துக்கு நேரே நிற்கிறதே, அது எம்டன்.
போன தடவை மாதிரி
எண்ணெய் டாங்கியைக் கொளுத்த வந்திருக்கிறது.
கட்டுமரத்தில் கிட்டப் போனவன் காதால் கேட்டானாம்,
இங்கிலீஷ் இல்லையாம், அப்போது ஜெர்மன்தான்.

ஜெர்மன்தான்.
எது துரத்தியதோ அதன் பாஷையில்தான்
பிள்ளைகளை அதட்டினார்கள், தாலாட்டினார்கள்.

முதல் எம்டன் சுட்ட ராத்திரி எனக்குப் பத்து வயசு.
அப்பா வீட்டைப் பூட்டினார்.
செங்கல்பட்டு வரைக்கும் ரயிலின் கூரையெல்லாம் ஆள்.
பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தோம்.
பூட்டு பூட்டியபடி.
உறை ஊற்றி வைத்த பால் பூஞ்சணம் பிடித்திருந்தது,
நஷ்டம் அவ்வளவே.

சவரிராயன் படகில் மூன்று நடை.
மரைக்காயர் அடுப்பின் சூடு
சாக்கு வழியே முதுகைச் சுட்டது.
கப்பலின் அடிவயிற்றில் அடுக்கடுக்காகப் பலகை,
பலகைக்குப் பலகை கண்கள்.
யாரும் பிடுங்கவில்லை. வரிசையில் வந்தார்கள்.
இந்த வேக்காட்டில் கோட்டுப் போட்டிருந்தார்கள்.
ஒரு அம்மாள் ரொட்டியை மோந்துவிட்டு ஏதோ கேட்டாள்.
"எந்த ஊர் என்கிறாள்" என்றான்
இங்கிலீஷ் தெரிந்த பையன்.
மெட்ராஸ், என்றேன்.
அந்தச் சொல்லை அவள் சொல்லிப் பார்த்தாள்,
கடையில் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல.
பிறகு கழற்றி வைத்துவிட்டாள்.

ரசீதில் கையெழுத்துக் கேட்டேன்.
கேப்டன் தூங்குகிறான் என்று
தாடிக்காரர் ஒருவர் போட்டார், வலமிருந்து இடமாக.
உருது இல்லை.
எங்கள் கம்பெனி பவளக்காரத் தெருவில்.
சின்ன வயசில் பக்கத்துக் கல்லறையில்
ஒரு கல்மேல் பம்பரம் விடுவோம்,
அந்தக் கல்லில் இதே எழுத்து.
பவளம் விற்க வந்தவர்கள்.
அவர்களுக்கு இறங்க இடம் கிடைத்திருக்கிறது,
சாகவும்.

மறுநாள் துறைமுக ஆபீசில் டிகோஸ்டா கேட்டான்:
எத்தனை பேருக்கு ரொட்டி போனது?
இருபத்திரண்டு, என்றேன்.
உபகாரம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.
"அறுநூறு என்றிருந்தால்
ஒரு டாக்டராவது போயிருப்பார்" என்றான் சவரிராயன்.
துப்பாக்கிதான் போயிருக்கும், என்றேன்.
இரண்டு பேருக்கும் தெரியாது.

அன்று ராத்திரியே நங்கூரம் தூக்கிவிட்டார்கள்.
கிழக்கே என்றார்கள். தெற்கே என்றார்கள்.
ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் யுத்தம்.
அப்புறம் எந்தத் துறைமுகப் பட்டியலிலும்
அந்தப் பேர் வரவில்லை.
நாலாவதாக ஒன்றை எழுதியிருக்கலாம்.

கேப்டன் கொடுத்த டிராஃப்டை எந்த பாங்கும் ஏற்கவில்லை.
வராக்கடனில் தள்ளு, என்றார் முதலாளி.
தள்ளவில்லை.
ஒவ்வொரு மார்ச் முடிவிலும் பேரேட்டைத் திறந்து
அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகிறேன்:
ரொட்டி அறுநூறு. வரவேண்டியது.

மூன்று தம்படியை மட்டும்
அடித்துவிட்டேன்.