நிறைமாதம்

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடியில் என் ஸ்டூடியோ.
கல்யாணம் இல்லாத ஆடியில்
செல்லரித்த படங்களைச் சரிசெய்து கொடுப்பேன்,
படம் ஒன்றுக்கு இருநூற்றைம்பது.

போன வாரம் வந்தவர்
புளியரை செக்போஸ்டில் தலைமை எழுத்தராயிருந்த
வேலாயுத நயினாரின் மருமகன்.
பாலித்தீன் பையில் மூன்று குரூப் போட்டோ.
அறுபத்தாறு, அறுபத்தொன்பது, எழுபத்திரண்டு.
மூன்றும் மாற்றலாகிப் போகிற யாருக்கோ
மாலை போட்டு எடுத்தவை.

"பூஞ்சைய எடுத்திருங்க.
பின்னால நிக்கிற பொம்பளையையும்."

ஸ்கேனரின் வெளிச்சம் ஊர்ந்து முடிந்தது.
பெரிதாக்கினேன்.
நாற்காலிகள். முழங்கால்மேல் தொப்பி.
எல்லார் காலிலும் பூட்ஸ்,
கடைசியில் நிற்கிறவருக்கு மட்டும் டயர் செருப்பு.
தகரப் பலகையில் இரண்டு மொழி;
மலையாளத்தின் மேல் யாரோ சாணி எறிந்திருக்கிறார்கள்.
அதற்குப் பத்து வருஷம் முன்புவரை
பலகைக்கு இந்தப் பக்கமும்
திருவிதாங்கூர் சர்க்கார்தான்.
அறுபத்தொன்பதில் பலகை புதுசு.
எழுபத்திரண்டில் மாட்டுவண்டி நின்ற இடத்தில்
மரக்கூண்டு லாரி.

மூங்கில் தடுப்புக்கு அப்பால், வலது ஓரம், அவள்.
அறுபத்தாறில் நிறைமாதம்.
அறுபத்தொன்பதில் நிறைமாதம்.
எழுபத்திரண்டிலும்.
இடுப்பில் ஒரு பிள்ளையும் இல்லை.
பெற்றுப் பெற்றுப் பறிகொடுத்தவள் போலும்
என்று நினைத்து
டீ ஆறும்வரை சும்மா இருந்தேன்.

டயர் செருப்புக்காரர் உயிரோடு இருக்கிறார்.
சிவனணைந்தான், பியூன், வயது எண்பத்தாறு.
பேரன் போனில் படத்தைக் காட்டியிருக்கிறான்.
சிரிப்பும் இருமலுமாய் ஒரு குரல்பதிவு வந்தது:
"அது புள்ள இல்லம்மா, ஆறு படி அரிசி.
நம்ம அரிசி மலை ஏறக்கூடாதும்பான் சர்க்கார்ல.
அந்தால ரேஷன் பத்தாது.
மாசமா இருக்கவ வயித்தத் தொட்டுப் பாக்க
அன்னைக்குப் பொம்பள போலீசு ஏது?"
பேர் கேட்டேன்.
"எந்தப் பேர்னு சொல்ல?
தெனமும் பத்துப் பதினஞ்சு பேரு
மாசமாத்தானே இருப்பாளுவ."

மறுபடி பார்த்தேன்.
அறுபத்தொன்பதில் பதினொரு பேர்
கேமராவைப் பார்க்கிறார்கள்.
நயினாரின் கண் மட்டும் வலப்பக்கம் நழுவியிருக்கிறது.
தெரிந்து விட்டாரா, கால் படி வாங்கி விட்டாரா?
அதைக் கேட்டதற்குப் பதிவில் இருமல்தான் அதிகம்.

என் கணினியில் இன்னொரு படமும் உண்டு,
புனலூர்க்காரர் ஒருவர் தந்தது:
கல்யாணப் பந்தி, அதே அறுபத்தொன்பது,
வரிசையாய் வாழையிலை,
ஒவ்வொன்றிலும் குவித்த சோறு.
உண்கிறவர்கள் யாரும் நிமிரவில்லை.
இரண்டு படத்தையும் அருகருகே வைத்தேன்.
எதுவும் நிரூபணம் ஆகாது.
வைத்தேன், அவ்வளவுதான்.

வேலையைத் தொடங்கினேன்.
மலையின் சாம்பல் நிறத்தைத் தொட்டுத் தொட்டு
அவள்மேல் வைக்க வேண்டும்.
அறுபத்தாறு, பத்து நிமிஷம்:
இரண்டு கையும் வயிற்றுக்கு அடியில்,
மூட்டை தாங்குகிற பிடி.
அறுபத்தொன்பதும் அப்படியே போனாள்.
எழுபத்திரண்டில் நின்றேன்.
கை அடியில் இல்லை.
உள்ளங்கை மேலே, லேசாக,
கதவுக்கு அந்தப் பக்கம்
யாரோ தட்டியதைக் கேட்கிறவள்போல்.
கால் வீங்கியிருக்கிறது.
அரிசிக்குக் கால் வீங்காது.

அன்றைக்குத் தலைச்சுமையாக ஏதும் கொண்டுவந்தாளா,
வெறுமனே ரயிலுக்குப் போனாளா,
தடுப்பில் நிறுத்தினார்களா?
கொஞ்சம் தள்ளி எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்
அந்தப் போட்டோக்காரன்.

ஜன்னலுக்குக் கீழே
எம்-சாண்ட் லாரிகள் மலைக்குத் திரும்புகின்றன,
தார்ப்பாய்க்குள் வயிறு புடைத்து.

மருமகனுக்கு இரண்டு படம் முடிந்ததென்று சொன்னேன்.
மூன்றாவதில் அவள் நிழல்
நயினாரின் தோளில் விழுகிறது;
நிழலை எடுத்தால் தோளும் போகும் என்றேன்.
பாதி பொய்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
"ரெண்டுக்கு மட்டும் காசு" என்றார்.