ஏழு அங்குலம்

சோமனூரில் வாடகைக்குக் கிடைத்தது
ஆறு தறி ஓடிய ஷெட்.
தறி போன இடத்தில் நான்கு நான்கு போல்ட்
தரையில் துருத்திக்கொண்டிருந்தன.
அவற்றுக்கு நடுவில்தான்
எருமையை நிற்க வைத்தேன்.

பக்கத்து ஷெட்டில் பன்னிரண்டு ஓடுகின்றன.
சுவர் வழியே வந்து
ஈர மண்ணுக்குள் இறங்கும் அந்த அதிர்வு.
கையை வைத்தால் விலா சிலிர்க்கும்,
ஈ உட்கார்ந்த இடத்தை மட்டும்
எருமை உதறுமே, அப்படி.
கரண்ட் போனால் அசைவற்று நிற்கும்.
நானும் டீ குடிக்கப் போவேன்.

வாகராயம்பாளையத்துப் பால் சங்கத்தின் ஆர்டர்.
"மாடுன்னா எல்லாருமு வெப்பாங்க.
நம்ம சங்கத்துக்கு ஊத்தறது பூராவும் எருமைங்க.
மூக்குல இருந்து வாலடி வரைக்கும்
ஆறடி இருக்கோணும்"
என்று முன்பணத்தை
ரப்பர் பேண்டோடு தந்தார்
செயலாளர் பொங்கியண்ணன்.

மண்ணைத் திரித்துத் திரித்து அடுக்க வேண்டும்.
நாளுக்கு ஒரு சாண்.
அவசரப்பட்டால் தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும்.
இரண்டு முறை உட்கார்ந்தது.
மூன்றாம் முறை அடிவயிற்றுக்கு
பழைய கார் டயர்களை முட்டுக்கொடுத்தேன்.
முதுகை மூடும் முன்
தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தேன்.
வயிறு முழுக்க என் விரல்தடங்கள்.
ஆவி வெளியேற வாலடியில் ஒரு துளை,
நாசியில் இரண்டு.

கண் மட்டும் வரவில்லை.
தறி ஓட்டும் ரங்காத்தாள்
நாடா மாற்றின கையோடு எட்டிப் பார்த்து,
"இது எதையோ பாத்துட்டு நிக்குதுங்க.
எருமை ஒண்ணையும் பாக்காது" என்றாள்.
இமையை அரை விரற்கடை இறக்கினேன்.
பார்ப்பதை விட்டுவிட்டு
அசைபோடத் தொடங்கியது.

அவள் தந்த பாவு நூலை முறுக்கித்தான்
அதை நான்காக அறுத்தேன்.
சூளையின் வாய் அவ்வளவுதான்.
துண்டுகளின் உட்புறம் குச்சியால் எண் கீறி
இருபத்தைந்து நாள் ஈரச்சாக்கில் மெல்ல உலரவிட்டேன்.
பிறகு பர்னர். ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு பகல்.
எட்டிப்பார்க்கும் துளையில் சிவப்பு,
எலுமிச்சை மஞ்சள்,
அப்புறம் பெயர் தெரியாத ஒரு நிறம்.
அன்று ராத்திரி தறிச்சத்தம்கூட
எனக்குக் கேட்கவில்லை.

சின்ன யானை வண்டியில் எருமை போனது.
சங்கத்து வாசலில் ஒட்டி, நிறுத்தி, கை கழுவுவதற்குள்
பொங்கியண்ணன் டேப்பை இழுத்துவிட்டார்.
மூக்கில் ஒரு பையன் பிடித்தான்.
"அஞ்சடி அஞ்சங்குலம்."
மறுபடியும் பிடித்தார்.
"மிச்சம் ஏழங்குலம் எங்கீங்க?"

தண்ணீர், என்றேன்.
செய்தபோது ஆறடிதான்.
உலர்ந்து கொஞ்சம், வெந்து கொஞ்சம்.
(ஆறடி எட்டங்குலத்தில் தொடங்கியிருக்க வேண்டும்.
கணக்குத் தெரியும். சூளை விடவில்லை.
அதை அவரிடம் சொல்லவில்லை.)

தண்ணீர் என்றால் அவருக்குப் புரியும்.
இருபது வருஷமாகக் காலையும் மாலையும்
லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு
யார் பாலில் யார் கிணறு என்று சொல்கிறவர்.
"அப்ப நீங்க தண்ணி கலந்திருக்கறீங்க."
"கலந்தேன்."
"கலந்தா நாங்க காசு புடிப்போமுங்க."
"நான்தான் திரும்ப எடுத்துட்டனே!"
கேனோடு நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
பால் நோட்டில் பிடித்தம் என்ற பத்தியில்
என் பெயரையும் எழுதி
ஐந்நூறு குறைத்து மீதியைத் தந்தார்.
போகிற ஒருத்தர் எருமையின் நெற்றியைத் தட்டினார்.
கோயில் மணிக்குக் கொஞ்சம் கீழே
ஒரு சத்தம்.

ஐப்பசியில், தொடை ஒட்டில் வெடிப்பு என்று
போன் வந்து போனேன்.
இடது நாசியை யாரோ பூசியிருந்தார்கள்.
குளவி.
எந்த வாய்க்காலிலிருந்தோ ஈர மண்,
உருண்டை உருண்டையாக, வளையம் வளையமாக.
சுடாதது. ஓர் அங்குலமும் குறையாதது.
காதை வைத்தேன். உள்ளே ஏதோ குடைகிற சத்தம்.

குழைத்த சிமெண்ட் கையில் மிச்சமிருந்தது.
அதை வாலடித் துளையின் ஓரத்தில் தேய்த்துவிட்டு
பஸ்ஸுக்கு நடந்தேன்.