எடைக்கல்

திங்கள் பெர்கன். புதன் துரோன்ஹெய்ம்.
வெள்ளி, மூடுபனியில் விமானம் முக்கால் மணி நேரம் வட்டமடித்து,
துரோம்சோ.
ஒரே தலை, என்னுடையது,
மூன்று ஸ்கேனர்களுக்குள் போய் வந்தது.

தாளில் என் பெயர் தன்னார்வலர்.
சிவெர்ட்டுக்கு நான் எடைக்கல்.
"தராசுகளைச் சோதிக்கத்தான் உன்னை ஊர் ஊராய் அனுப்புகிறோம், இங்குன்.
நீ மட்டும் மாறாமல் இரு, போதும்."

மாறாமல்தான் இருந்தேன்.
முந்தின இரவு பீர் இல்லை. காலையில் அளந்து இரண்டு குவளைத் தண்ணீர்.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் இயந்திரம் அடித்து நொறுக்க
மூக்கு நுனியில் ஓர் அரிப்பு.
மூன்று ஊரிலும் அதே அரிப்பு.
அதை மட்டும் யாரும் அளக்கவில்லை.

இடது ஹிப்போகேம்பஸ்
பெர்கனில் மூன்று புள்ளி இரண்டு மில்லிலிட்டர்,
துரோன்ஹெய்மில் மூன்று புள்ளி நான்கு,
துரோம்சோவில் இன்னும் கொஞ்சம் கொழுத்திருந்தது.
ஒரே இயந்திரத்தில் மறுநாளும் படுத்தால்
மயிரிழைதான் வித்தியாசம்.
ஊருக்கு ஊர்தான் படி மாறுகிறது.
மென்பொருளுக்கோ தயக்கமே கிடையாது;
எதையும் மூன்று தசமத்தோடு
சத்தியம் பண்ணித்தான் சொல்லும்.

இதை நான் சிரித்தபடி சொல்லலாம்.
பெர்கனில், காத்திருப்பு அறையில், எதிரே இருந்த
போர்க்ஹில்ட்டால் முடியவில்லை.
மீன் ஏற்றுமதிக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவள்.
கையில் தாள்: ஓராண்டில் ஆறு சதவீதம் குறைவு.
சாவி எங்கே என்று வீட்டில் கேட்பதையே விட்டுவிட்டாளாம்,
கேட்டால் கணவன் ஒரு மாதிரி பார்க்கிறானாம்.

போன ஏப்ரலில்தான்
சுவரை உடைத்து, பழைய ஸ்கேனரைக் கிரேனில் தூக்கிப் போனார்கள்.
அவள் முதலில் படுத்தது அதில். பிறகு புதியதில்.
ஏழு வார இடைவெளியில் நானும் இரண்டிலும் படுத்தவள்;
என் தலையிலும் ஐந்து சதவீதம் காணாமல் போயிருந்தது.
நான் எதையும் மறக்கவில்லை.

சிவெர்ட் கழித்துப் பார்த்தான்.
ஆறில் ஐந்து காந்தத்தின் கணக்கில் போகலாம்,
போகலாம் என்றுதான் சொன்னான்.
மீதி ஒன்று
வயதாக இருக்கலாம். அன்று அவள் குடிக்காத தண்ணீராக இருக்கலாம்.
அல்லது
என்று தொடங்கிப் பேனாவை மூடினான்.
"அடுத்த வருடம். இதே இயந்திரத்தில்."

வெளியே மழை. படியிறங்கிப் போனவள்
மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்,
நாற்காலியில் விட்டுப்போன கையுறைகளுக்கு.
மறந்ததற்கா, நினைவு வந்ததற்கா தெரியவில்லை,
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.