மூன்றாவது சாசர்

பள்ளிப்பட்டில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன்.
தெலுங்கில் வரும் தாய்ப்பத்திரங்களைத்
தமிழில் இறக்குவது என் தொழில்.
வடக்கே வேப்பமரம் என்றிருந்தால்
வடக்கே வேப்பமரம்தான்.
மரம் பட்டுப்போய் இருபது வருஷம் ஆனாலும்
அதை வெட்ட எனக்கு உரிமை இல்லை.

அந்தப் பெயருக்காகத்தான்
ஆறு மாதத்துக்கொருமுறை மூப்பர் சங்கம் கூடும்போது
என்னைக் கூப்பிடுகிறார்கள்.
இந்தப் பக்கம் எட்டுத் தமிழ்ச் சபை,
நகரிப் பக்கம் ஐந்து தெலுங்குச் சபை,
எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கே போதகர்கள்.
எனக்கு நாற்காலி உண்டு, சாப்பாடு உண்டு.
ஓட்டு இல்லை.
ஆனால் நாள் முழுக்க
எல்லோருக்காகவும் "நான்" என்று சொல்பவன் நான்தான்.

ஜெபம் முடிந்ததும் பெயர் வாசிப்பு.
சபை அனுப்பிய கடிதத்தை நீட்டினால்தான் மூப்பருக்கு இருக்கை.
காந்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்தார்:
சின்னகொண்டாபுரம் சபை, பதினோரு குடும்பம்,
ஒரு கையெழுத்து, இரண்டு கைநாட்டு.
மாம்பழக்கூழ் ஆலையில் ஒருநாள் கூலியை விட்டு வந்திருந்தார்.
விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

மூன்று போதகர், ஒன்பது மூப்பர்.
மூன்று போதகரும் நான்கு மூப்பரும் இருந்தால் கூட்டம் செல்லும்
என்று படித்தார் எழுத்தர் ஆபிரகாம் துரைக்கண்ணு,
எல்லாக் கூட்டத்திலும் படிப்பதுபோலவே,
யாரும் கேட்காத குரலில்.

போதகருக்கும் மூப்பருக்கும் இங்கே ஒரே எடைதான் ஓட்டு.
டீ மட்டும்
மூப்பருக்குக் கண்ணாடி டம்ளரில் வரும்,
போதகருக்குச் சாசரோடு.

போன கூட்டக் குறிப்பு ஏற்கப்பட்டது.
கணக்கு ஏற்கப்பட்டது, ஒரு முணுமுணுப்போடு.
கல்லறைச் சுவர் விவகாரம் மறுபடி கமிட்டிக்குப் போனது.
பக்கத்து விசைத்தறி நின்றபோதெல்லாம்
எல்லோரும் தேவைக்கு மேல் கத்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

மூன்றரைக்கு வந்தது ஏழாவது பொருள்:
நான்கு வருஷப் பங்குத்தொகை பாக்கி,
மாதம் ஒரு திருவிருந்துக்கும் போதகர் போக முடிவதில்லை,
ஆகவே சின்னகொண்டாபுரத்தை நகரிச் சபையோடு இணைப்பது.
முன்மொழிந்தார் ஒருவர். வழிமொழிந்தார் ஒருவர்.
தெலுங்கில் சொன்னேன்.
"இணைப்பது" என்பதற்கு நல்ல சொல்லாகத் தேடிப் போட்டேன்.
நல்ல சொல்லாகத்தான் இருந்தது.

காந்தம்மா பதில் பேசவில்லை.
மேஜையைப் பார்த்தபடி தனக்குத்தானே சொன்னார்:
"மூடோ சாசர்லோ டீ சல்லாரிப்போயிந்தி."

மூன்றாவது சாசரில் டீ ஆறிப்போச்சு.
அவ்வளவுதான் அவர் சொன்னது.

பார்த்தேன். ஆடை கட்டிய டீ. காலி நாற்காலி.
ஏசுரத்னம் போதகர் மூன்று இருபது புத்தூர் பஸ்ஸுக்கு
சொல்லாமல் எழுந்து போயிருந்தார்.

எல்லா முகமும் என் வாயைப் பார்த்தது.
நான் தமிழில் சொன்னேன்:
"மூன்றாவது போதகர் இல்லை, கோரம் இல்லை
என்கிறார் சின்னகொண்டாபுரம் மூப்பர்."

இருபத்திரண்டு வருஷத்தில்
வேப்பமரத்தில் கை வைத்தது அன்றுதான்.

எழுத்தர் எழுந்து பென்சில் முனையால் எண்ணினார்.
இன்னொரு தடவை எண்ணினார்.
தலைவர் ஞானசிகாமணி ஐயா புத்தகத்தைப் புரட்டி
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
ஏழாவது பொருள் எடுத்துக்கொள்ளப்படவில்லை.
ஜெபித்துக் கலைந்தார்கள்.
பெண்கள் யாரோ வந்து
அந்தச் சாசரை மூஞ்சுறு விழாமல் மூடிவைத்துப் போனார்கள்,
அவர் திரும்பி வந்துவிடுவார் என்பதுபோல.

பஸ் நிலையத்தில் காந்தம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.
தட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து
என் பக்கமும் நீட்டி,
எங்கள் தெருப் பெண் மாதிரி
உரித்தெடுத்த தமிழில் கேட்டார்:
"சாசருக்குக் கோரம்னா எழுதுவீங்க பத்திரத்துல?"

என் பஸ் வந்தது.
ஏறவில்லை.